இரண்டு தவணைக்கு நடுவே

வணக்கம் ஐயா,

தடுப்பூசி போட்ட பிறகும் உடம்பு பல வாரங்கள் அதன்மேல் வேலை செய்துகொண்டே இருக்கிறது என்று முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை.

நான் ஏற்காடு மலையில் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் மூன்று பேர் கொரோனாவுக்கான கோவிஷீல்டு தடுப்பூசி போட்டோம். மூன்று பேருக்கும் மூன்று இடைவெளி. 2021 தேர்தல் பணி இருந்ததால் எனக்கு மார்ச்சிலேயே முதல் ஊசி. எட்டு வாரம் கழித்து மே தொடக்கத்தில் இரண்டாவது. என் கணவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அவருக்கு ஏப்ரல் 15 அன்று முதல் ஊசி. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். நடுவில் மே 13 அன்று 12 வாரம் என்று மாற்றிவிட்டார்கள். மே 23 அன்று அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் மூச்சுத்திணறல். ஆக்சிஜன் படுக்கை கிடைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பிழைத்து வந்துவிட்டார். இரண்டாவது ஊசியைச் செப்டம்பரில்தான் போட்டார்கள்.

மாமனாருக்கு அப்போது 68 வயது, சர்க்கரை உண்டு. நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். ஜூனில் முதல் ஊசி போட்டார். ஊசி போட்ட மகனுக்கே இப்படி ஆகிவிட்டதே என்ற பயத்தில் இரண்டாவதுக்குப் போகவில்லை. பிறகு பழம் பறிப்பு வந்துவிட்டது. டிசம்பரில் ஊருக்கே வந்த முகாமில்தான் போட்டோம். ஆறு மாதம் ஆகிவிட்டது.

என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர், "இடைவெளி, அறிவியல் எல்லாம் கதை டீச்சர். கையில் ஊசி இல்லை, தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்" என்கிறார். அது உண்மையென்றால் என் கணவர் பட்டதற்கு அந்த உத்தரவுதானே காரணம்? நான்கு வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். மாமனாருக்குத் தாமதமாகப் போட்டது வீணா? வைரஸ் புதிது புதிதாக உருமாறி வருகிறதே, இடைவெளி உண்மையிலேயே எதையாவது மாற்றுகிறதா? ஊரில் வேறு, "எப்போ போட்டா என்ன, லேட்டா போட்டாத்தான் நல்லதாம்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஓர் ஆசிரியை, ஏற்காடு

அன்புள்ள டீச்சர்,

முதலில் உங்கள் கணவர் விஷயம். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

நீங்கள் கொடுத்திருக்கும் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் ஊசி ஏப்ரல் 15. அன்று நடப்பில் இருந்த விதி ஆறு முதல் எட்டு வாரம். மார்ச் 22 அன்றுதான் அப்படி மாற்றியிருந்தார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஆறு வாரம் என்றால் மே 27. அவருக்குக் காய்ச்சல் வந்ததோ மே 23. அப்போது பரவிய உருமாறிய வைரஸான டெல்டா உடம்புக்குள் புகுந்து அறிகுறி காட்டச் சுமார் நான்கு நாள் எடுத்துக்கொள்ளும். ஆக மே 19 வாக்கிலேயே அது அவருக்குள் வந்துவிட்டது. மே 13 உத்தரவு வராமலே போயிருந்தாலும் அந்த நாளில் அவர் ஒரே ஒரு ஊசியோடுதான் இருந்திருப்பார். தொடக்கத்தில் இருந்த 28 நாள் விதியே நீடித்திருந்தால்? மே 13 அன்று இரண்டாவது ஊசி போட்டிருப்பார்கள். அதன் பலன் முழுதாகக் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வைரஸ் முந்திக்கொண்டிருக்கும்.

அந்த உத்தரவின்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஏன் என்று கீழே எழுதுகிறேன். ஆனால் உங்கள் வீட்டில் நடந்ததை அதன் கணக்கில் எழுத முடியாது. நீங்களோ அவரோ எடுத்த எந்த முடிவின் கணக்கிலும் எழுத முடியாது. இந்த ஒன்றை மட்டுமாவது இன்று இறக்கி வைத்துவிடுங்கள்.

அந்த ஒரு ஊசி அவருக்கு ஒன்றும் செய்யவில்லையா என்றால், தனி ஒரு மனிதரை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பிரிட்டனில் டெல்டா பரவியபோது அப்படிப் பார்த்தார்கள். நம் கோவிஷீல்டும் அங்கே போட்ட ஆஸ்ட்ராஜெனகாவும் ஒரே தடுப்பூசிதான். ஒரு தவணை போட்டவர்களுக்கு டெல்டாவால் அறிகுறியோடு நோய் வருவதைத் தடுக்கும் திறன் வெறும் 30 சதவீதம். இரண்டு தவணைக்கு 67. அதற்கு முன் பரவிய ஆல்ஃபாவுக்கு ஒரு தவணையே பாதியளவு தடுத்தது. டெல்டா செய்தது அதுதான்: ஒற்றை ஊசிக்காரர்களை ஏறக்குறைய வெட்டவெளியில் நிறுத்திவிட்டது. ஆனால் மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போவதை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒரு தவணை 71 சதவீதம் தடுத்தது, இரண்டு தவணை 92. நமக்குப் பக்கத்தில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையிலும் இரண்டாம் அலையின்போது தங்கள் ஊழியர்களைக் கணக்கெடுத்தார்கள். இரண்டு தவணையும் போட்டவர்களுக்கு ஆக்சிஜன் தேவைப்படுவது 92 சதவீதம் குறைந்திருந்தது.

இனி உங்கள் பெரிய கேள்வி. இரண்டு ஊசிக்கு நடுவில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஊசி போடுவது மேற்கையில். ஆனால் வேலை நடப்பது அக்குளில். அங்கே இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கு வைரஸின் முள் புரதம், அதாவது அதன் மேற்பரப்பில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம், போய்ச் சேர்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளக்கூடிய பி செல்கள் (வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தை உண்டாக்குபவை) அங்கே கூடி, முளை மையம் என்று சொல்லப்படும் சிறு திரள்களாகிப் பெருகுகின்றன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் அவற்றின் ஆன்டிபாடி மரபணுவில் சின்னச் சின்ன மாற்றம் விழுகிறது. மாற்றத்தால் பிடி இறுகிய செல் பிழைக்கிறது, பிடி தளர்ந்தது சாகிறது. இது திரும்பத் திரும்ப, வாரக்கணக்கில் நடக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபைசர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் அக்குள் முடிச்சிலிருந்து ஊசியால் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது தவணை போட்டு 12 வாரம் ஆன பிறகும் முளை மையங்கள் சுறுசுறுப்பாக இயங்கிக்கொண்டிருந்தன. ஊசி போட்ட கை வலி இரண்டு நாளில் போய்விடுகிறது. உள்ளே நடக்கும் வேலை ஒரு பருவம் முழுக்க நீள்கிறது.

இப்போது இரண்டாவது ஊசியை மூன்று, நான்கு வாரத்தில் போடுகிறோம் என்று வையுங்கள். முதல் ஊசியால் உண்டான ஆன்டிபாடி ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. புதிதாக வரும் புரதத்தில் ஒரு பகுதியை அது மூடிக்கொள்ளும், சீக்கிரம் அப்புறப்படுத்தியும் விடும். முளை மையத்தில் தேர்வு இன்னும் முடிந்திருக்காது. இரண்டு மூன்று மாதம் கழித்துப் போட்டால் ரத்தத்தில் ஆன்டிபாடி இறங்கியிருக்கும். தேர்வாகி வந்து, வைரஸின் அடையாளத்தை மறக்காமல் வைத்திருக்கும் நினைவு செல்கள் தயாராக இருக்கும். அவை எழும்போது வருகிற ஆன்டிபாடி அளவிலும் அதிகம், பிடியிலும் இறுக்கம்.

காப்பித் தோட்டத்து வீட்டுக்கு நீங்கள் மருமகள் என்பதால் உங்கள் மாமனார் பாஷையிலேயே சொல்கிறேன். மாசி, பங்குனியில் ஒரு பூமழை வேண்டும். அதில்தான் மொட்டு விரியும். அதன் பிறகு காய் பிடிக்க இன்னொரு மழை வேண்டும். அந்த இரண்டாவது மழை பூ விரிந்திருக்கும் அன்றே கொட்டினால் மகரந்தம் போய்விடும். நாள் கடந்து வராமலே இருந்தால் பிடித்த பிஞ்சு காய்ந்து உதிரும். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல காலம் இருக்கிறது. அது ஒரே ஒரு தேதியாக இருப்பதில்லை. சில வாரங்கள் அகலமுள்ளது.

உருமாறிய வைரஸுக்கும் இந்த இடைவெளிக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். தொடக்க வாரங்களில் கிளம்பும் ஆன்டிபாடிகளில் பெரும்பகுதி முள் புரதத்தில் எளிதாகக் கைக்கு எட்டும் சில இடங்களையே பிடிக்கும். வைரஸ் உருமாறும்போது மாற்றிக்கொள்வதும் பெரும்பாலும் அந்த இடங்களைத்தான், ஏனென்றால் அங்கேதான் அதற்கு நெருக்கடி. நாள் ஆக ஆக நினைவு செல்களில் இரண்டு மாற்றங்கள் வருகின்றன. பிடி மிகவும் இறுகுவதால் புரதத்தில் ஒன்றிரண்டு இடம் மாறினாலும் கை நழுவுவதில்லை. வைரஸ் எளிதில் மாற்ற முடியாத பகுதிகளைப் பிடிக்கிற செல்களும் கூட்டத்தில் தலையெடுக்கின்றன. டெல்டாவையும் அதன் பின் வந்த ஒமைக்ரானையும் ஒருபோதும் பார்த்திராத உடம்பு அவற்றுக்கும் ஓரளவு தயாராக இருந்தது இதனால்தான்.

இதை மனிதர்களிடம் அளந்தும் பார்த்தார்கள். பிரிட்டனில் சுகாதார ஊழியர்களில் சிலருக்கு ஃபைசர் மூன்று நான்கு வாரத்திலும், வேறு சிலருக்கு 6 முதல் 14 வார இடைவெளியிலும் கிடைத்தது. நீண்ட இடைவெளிக்காரர்களிடம் வைரஸை முடக்கும் ஆன்டிபாடி ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. டெல்டா உள்ளிட்ட திரிபுகளுக்கு எதிராகவும் அவர்கள் கையே ஓங்கியிருந்தது. 80 வயது தாண்டியவர்களிடம் 12 வார இடைவெளி, மூன்று வார இடைவெளியைவிட மூன்றரை மடங்கு ஆன்டிபாடியைக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆஸ்ட்ராஜெனகாவை 45 வாரம் போல விட்டு இரண்டாவது தவணை போட்டுப் பார்த்ததிலும் பலன் குறையவில்லை. குறுகிய இடைவெளிக்காரர்களைவிட அதிகமாகவே இருந்தது. உங்கள் மாமனாரின் ஆறு மாதம் வீண் இல்லை என்று நான் தைரியமாகச் சொல்வது இதனால்தான்.

ஆனால் அந்தச் சுகாதார ஊழியர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. காத்திருந்த வாரங்களில் ஆன்டிபாடி சரிந்துகொண்டே போனது. இடைவெளி தரும் நன்மை இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான் கிடைக்கிறது. அதற்கான விலையை அதற்கு முந்தைய வாரங்களில் கொடுக்கிறோம். அந்த வாரங்களில் ஊருக்குள் என்ன வைரஸ் சுற்றுகிறது என்பதைப் பொறுத்து விலை கூடும், குறையும். இடைவெளி பற்றிய எந்த விவாதத்திலும் இந்த ஒன்றை விட்டுவிட்டுப் பேசினால் அது பாதிப் பேச்சுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் சக ஆசிரியர் சொன்னதற்கு வருவோம். கையிருப்பு இல்லாததால் தள்ளினார்கள் என்கிறார். உண்மைதான். அந்த ஏப்ரல், மே மாதங்களில் 'தடுப்பூசி இருப்பு இல்லை' என்ற அட்டை தொங்காத மையங்கள் குறைவு. சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் படுக்கைகளை அவசரமாகப் போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. அறிவியல் கதை என்கிறாரே, அதுதான் தவறு.

நீண்ட இடைவெளி நல்லது என்பது தெரியவந்த விதமே விசித்திரமானது. கோவிஷீல்டை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு தொடக்கத்தில் ஒரே தவணையாகத்தான் பெரும் சோதனையைத் திட்டமிட்டது. இரண்டு தவணை கொடுத்தால் ஆன்டிபாடி வலுவாக வருகிறது என்று தெரிந்த பிறகு நடுவில் திட்டத்தை மாற்றினார்கள். ஏற்கனவே முதல் ஊசி போட்டவர்களுக்கு இரண்டாவது ஊசி பல மாதங்கள் கழித்துத்தான் கிடைத்தது. யாரும் திட்டமிடாமலேயே ஆளுக்கொரு இடைவெளி அமைந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் அதைக் கணக்கிட்டபோது, ஆறு வாரத்துக்குள் இரண்டாவது ஊசி போட்டவர்களுக்குப் பாதுகாப்பு 55 சதவீதம், 12 வாரமோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு 81 சதவீதம். காத்திருக்கும் மூன்று மாதத்தில் முதல் தவணையே 76 சதவீதம் காக்கிறது என்றும் வந்தது. இதைக் கையில் வைத்துக்கொண்டு யார் பார்த்தாலும் 12 வாரம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சிக்கல் எங்கே என்றால், அந்த 81-ம் அந்த 76-ம் டெல்டா வருவதற்கு முந்தைய உலகத்தின் எண்கள். ஒரு வைரஸின் காலத்தில் போட்ட கணக்கை இன்னொரு வைரஸின் காலத்துக்கு எடுத்துவந்து பொருத்தினார்கள். அந்த வாரத்துத் தேதிகளைப் பாருங்கள். இந்தியா இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டியது 2021 மே 13. டெல்டா உள்ளே வந்துவிட்டது என்று பயந்து பிரிட்டன் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு 12 வாரத்தை எட்டாகக் குறைத்தது மே 14. ஒரே தடுப்பூசி, ஒரே வைரஸ், ஒரு நாள் இடைவெளியில் எதிரெதிர் முடிவுகள்.

இதைக் காட்டி இந்தியா செய்தது முழுத் தவறு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு மலைக் கிராமத்தில் 100 முதியவர்கள், கையில் 100 ஊசிதான் இருக்கிறது என்று வையுங்கள். 50 பேருக்கு இரண்டிரண்டு போடலாம், அல்லது 100 பேருக்கும் ஒவ்வொன்று. மருத்துவமனைக்குப் போவதைத் தடுக்கும் அந்த 71-ஐயும் 92-ஐயும் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். எல்லாருக்கும் ஒன்று போட்டால் 71 பேருக்கான காப்பு. பாதிப் பேருக்கு இரண்டு போட்டால் 46. அறிகுறியோடு நோய் வருவதைத் தடுக்கும் 30-ஐயும் 67-ஐயும் வைத்துப் பார்த்தாலோ இரண்டு வழியும் ஏறக்குறைய சமம். உயிர் காப்பது நோக்கமென்றால், ஊசி குறைவாக இருக்கும்போது இடைவெளியை நீட்டுவது நியாயமான வழி. பிரிட்டன் குறைத்தபோது அங்கே முதியவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே ஒரு ஊசி போட்டிருந்தார்கள். நம் நிலை வேறு.

என் கோபம் வேறு இடத்தில். 16 வாரம் வரை போகலாம் என்பதற்கு அன்று போதிய ஆதாரம் இல்லை. அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த சிலரே, தாங்கள் ஆதரித்தது 8 முதல் 12 வாரத்தைத்தான் என்று அடுத்த மாதமே வெளிப்படையாகச் சொன்னார்கள். வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவர்களுக்கும் டோக்கியோ ஒலிம்பிக் போகும் வீரர்களுக்கும் ஜூனில் 28 நாளில் போட அனுமதி கிடைத்தது. வீட்டில் இருக்கும் சர்க்கரை நோயுள்ள 68 வயதுக்காரருக்கு 84 நாளுக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் ஊசிக்குப் பதிவு செய்யும் கோவின் இணையதளத்தின் கதவு திறக்கவில்லை. கையிருப்பு சீரான பிறகாவது முதியவர்களுக்கு எட்டு வாரம் என்று உடனே குறைத்திருக்க வேண்டும். குறைக்கச் சொல்லி அந்த ஆலோசனைக் குழு பரிந்துரைத்ததே 2022 மார்ச்சில்தான், டெல்டா அலையும் ஒமைக்ரான் அலையும் ஓய்ந்த பிறகு.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, காத்திருக்கச் சொன்னவர்கள் காத்திருப்பதன் விலையைச் சொல்லவே இல்லை என்பது. "புதிய திரிபுக்கு ஒரு ஊசி போதாது. இரண்டாவது வரும்வரை ஊசி போடாதவர் போலவே கவனமாக இருங்கள்" என்று முகாமில் ஒரு பலகை வைத்திருக்கலாம். உங்கள் கணவரைப் போன்றவர்கள் ஒரு ஊசியை நம்பிக் கடைக்குப் போனார்கள். அது நடந்த பிறகு உங்கள் மாமனார் போன்றவர்கள் இரண்டாவது ஊசியையே நம்பாமல் போனார்கள். 'ஊசி போட்டவனுக்கே வந்துவிட்டதே' என்ற அவருடைய பயம் அறியாமையால் வந்ததில்லை. அவர் கண்ணால் பார்த்ததற்கு யாரும் அவருக்கு விளக்கம் தரவில்லை.

இனி உங்கள் மூன்று பேருக்கும் என்ன ஆனது என்று பார்ப்போம். 2021 நவம்பர் 26 அன்று ஒமைக்ரானுக்குப் பெயர் வைத்தார்கள். முள் புரதத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். ஜனவரியில் அது நம் ஊரில் இருந்தது. அப்போது உங்களுக்கு இரண்டாவது ஊசி போட்டு எட்டு மாதம். அந்த நிலையில் ஒமைக்ரான் தொற்றைத் தடுக்கும் திறன் கோவிஷீல்டு இரண்டு தவணைக்கு அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும். உங்கள் மாமனாருக்கோ ஆறு மாத இடைவெளி, அதன்மேல் ஊசி போட்டு ஒரே மாதம். ஆன்டிபாடி அளவைப் பார்த்தால் மூன்று பேரில் அன்று நல்ல இடத்தில் நின்றவர்களில் அவரும் ஒருவராக இருந்திருப்பார். ஆனால் ஜூனிலிருந்து டிசம்பர் வரை டெல்டா சுற்றிய காலத்தில் அந்த வயதில் ஒற்றை ஊசியோடு அவர் தப்பியது அதிர்ஷ்டம். அதை வழியாக யாருக்கும் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

உங்கள் கணவருக்குச் செப்டம்பரில் போட்டது தாமதமில்லை. தொற்று வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் போட வேண்டும் என்று அந்த மே மாதமே அறிவித்திருந்தார்கள். உடம்பைப் பொறுத்தவரை தொற்றும் ஒரு தவணைதான். அவர் முதல் ஊசியில் பழைய புரதத்தைப் பார்த்தார், ஐந்து வாரம் கழித்து டெல்டாவையே பார்த்தார், மூன்று மாதம் விட்டு மறுபடி ஊசி. அப்படி மூன்று முறை பார்த்தவர்களின் எதிர்ப்பு பல திரிபுகளுக்கும் விரிவாக இருந்ததைப் பல நாடுகளில் கண்டார்கள். அதற்காக அவர் கொடுத்த விலையை யாரும் கொடுக்கக் கூடாது.

ஆன்டிபாடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். டி செல்கள் என்று இன்னொரு வகை எதிர்ப்பு செல்கள் உண்டு. அவை புரதத்தின் சின்னச் சின்னத் துண்டுகளைப் பல இடங்களில் அடையாளம் காண்பவை என்பதால், வைரஸ் முப்பது இடத்தில் மாறினாலும் பெரும்பாலான துண்டுகள் அப்படியே இருக்கும். ஒமைக்ரான் எல்லாரையும் தொற்றியும் டெல்டாவைப் போல ஆக்சிஜனுக்கு ஓடவைக்காததற்கு இது ஒரு காரணம். இடைவெளியை நீட்டுவதால் ஆன்டிபாடி கூடுவதைப் போல இவை கூடுவதில்லை. சில ஆய்வுகளில் குறைவாகவே இருந்தன.

மூன்றாவதாகப் போட்ட முன்னெச்சரிக்கைத் தவணையும் உடம்புக்குக் காட்டியது பழைய வைரஸின் புரதத்தைத்தான். ஆனாலும் அது ஒமைக்ரானுக்கு எதிராக வேலை செய்தது. மாதக்கணக்கில் தேர்வாகி ஒதுங்கியிருந்த நினைவு செல்கள் அப்போது எழுந்து வந்தன. தொடக்கத்தில் இரண்டு ஊசியை எவ்வளவு நெருக்கிப் போட்டவர்களுக்கும், ஆறு ஒன்பது மாதம் கழித்து வந்த மூன்றாவது அந்த இடைவெளியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டது. முதல் இரண்டுக்கும் நடுவே எட்டு வாரமா பன்னிரண்டு வாரமா என்ற சண்டைக்கு இன்று பெரிய பொருள் இல்லாமல் போனதும் இதனால்தான்.

2025 மே மாதம் பேசப்பட்ட என்பி.1.8.1 போன்ற திரிபுகளும் ஒமைக்ரான் வம்சம்தான். இடைவெளி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அது தரும் விரிவுக்கு ஓர் எல்லை உண்டு. முதலில் பார்த்த வைரஸின் வடிவத்துக்கே உடம்பு திரும்பத் திரும்பச் சாய்கிறது. ஃப்ளூவில் இதை அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் பிரான்சிஸ் 1960-லேயே விவரித்திருக்கிறார். ஆகவேதான் சில நாடுகளில் முதியவர்களுக்குப் புதிய திரிபைக் கொண்டு மாற்றிய தடுப்பூசியைப் போடுகிறார்கள். உங்கள் மாமனாருக்கு இனி ஏதாவது தேவையா என்பதை அவருடைய சர்க்கரையைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். வருடாந்திர ஃப்ளூ ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய ஊசி எதையும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை. மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் என்ற கணக்கு. நடுவில் நாள் தப்பினாலும் விட்ட இடத்திலிருந்துதான் தொடர்வார்கள்.

கடைசியாக, ஊரில் பேசிக்கொள்ளும் அந்தப் பேச்சு. இதைத்தான் நீங்கள் அவசரமாகத் திருத்த வேண்டும். இந்தக் கடிதத்தில் மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

கைக்குழந்தைகளுக்கு ஐந்து நோய்களுக்கான ஊசியை 6, 10, 14 வாரத்தில் போடுகிறோம். நாலே வார இடைவெளி. நீட்டினால் எதிர்ப்பு இன்னும் நன்றாக வரும் என்று தெரிந்தேதான் நெருக்கிப் போடுகிறார்கள். ஏனென்றால் கக்குவான் இருமல் சின்னக் குழந்தையைத்தான் கொல்லும், அது காத்திருக்காது. விட்டுப்போன அந்த நீண்ட இடைவெளியை ஒன்றரை வயதில் போடும் பூஸ்டர் ஈடுசெய்கிறது. புதன்கிழமை செவிலியர் குளிர்பெட்டியோடு மலையேறி வரும்போது, 'அடுத்த மாதம் போட்டுக்கலாம், லேட்டா போட்டா நல்லது' என்று ஒரு தாய் சொன்னால் அந்தக் குழந்தை காப்பில்லாமல் இருக்கிறது.

நாய்க்கடி இதைவிடக் கடுமை. வெறிநாய்க்கடிக்கான ஊசி அரசு மருத்துவமனைகளில் பொதுவாக 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். அங்கே வைரஸ் ஏற்கனவே உடம்புக்குள் நரம்பு வழியாக மூளையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அது போய்ச் சேர்வதற்குள் ஆன்டிபாடி வந்தாக வேண்டும். அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. பிள்ளைகளிடம் வகுப்பிலேயே சொல்லுங்கள்: நாயோ பூனையோ குரங்கோ கடித்தால், பிறாண்டினால், வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்கக் கூடாது. உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைத்துக் கட்டக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசி. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். அது மேலே கிடைக்காவிட்டால் அன்றே சேலத்துக்கு இறங்கிவிட வேண்டும், பழம் பறிப்புக் காலமாக இருந்தாலும்.

அன்புடன்.